ரைன்-ரூர்: ஒரே டிக்கெட் வந்தாச்சு, ஒரே தண்டவாளம் எப்போது வரும்?

ஜெர்மனியின் மிகப் பெரிய நகரம் எது என்று கேட்டால் யோசிக்காமல் பெர்லின் என்று சொல்லிவிடலாம். சரியான பதில்தான். ஆனால், மக்கள் நெருக்கமாக வாழும் மிகப் பெரிய நகரப் பகுதி எது என்று கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள், பதிலும் மாறிவிடும். அது மேற்கே, நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் ரைன்-ரூர். சுமார் ஒரு கோடிப் பேர் அங்கே வாழ்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரில் ஒரு ரயில் நிலையம் கிடையாது, மேயர் கிடையாது, மாநகராட்சியும் கிடையாது. 'நீங்க எந்த ஊர்?' என்று கேட்டால் 'ரைன்-ரூர்' என்று பதில் சொல்கிற ஆளும் கிடையாது. கொலோன்காரர் கொலோன் என்பார், டார்ட்முண்ட்காரர் டார்ட்முண்ட் என்பார். பக்கத்து ஊர்க்காரரோடு சேர்த்துச் சொன்னால் இரண்டு பேருக்குமே கோபம் வரும்.

இந்தப் பகுதியை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 2023 மே மாதம் ஜெர்மனி முழுவதும் ஒரே மாதாந்திரப் பயணச்சீட்டு வந்தது. 49 யூரோ. உள்ளூர் பேருந்து, டிராம், சுரங்க ரயில், பிராந்திய ரயில் எல்லாவற்றுக்கும் அதுவே செல்லும். அதற்கு முந்தைய 2022 கோடையில் மூன்று மாதங்களுக்கு மட்டும் 9 யூரோவுக்குக் கொடுத்த சலுகைச் சீட்டுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்துக் கொண்டுவந்தது இது. உலகமே பாராட்டியது. பிறகு 2025 ஜனவரியில் 58 யூரோ ஆனது, 2026 ஜனவரியில் 63 யூரோ. மூன்றே ஆண்டுக்குள் 14 யூரோ ஏற்றம். விலை ஏறியதைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். போடட்டும், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் ரைன்-ரூரைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது வேறு: சீட்டை ஒன்றாக்குவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. அதைச் செய்துவிட்டு, கஷ்டமான வேலையையும் முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

வரைபடத்தில் எப்படி இருக்கிறது?

தண்ணீரில் தெரியும் 'ட' எழுத்தின் நிழலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நிற்கிற கோடு ரைன் நதி. தெற்கே பான் நகரில் தொடங்கி கொலோன், லெவர்குசன், டுசல்டார்ஃப் வழியாக வடக்கே டூயிஸ்பர்க் வரை வருகிறது. அங்கே கிழக்கிலிருந்து வரும் ரூர் நதி ரைனில் கலக்கிறது. அந்த இடத்திலிருந்து கிழக்கே நீளும் கோட்டில் ம்யூல்ஹைம், ஓபர்ஹவுசன், எஸ்ஸன், கெல்சன்கிர்ஷன், போஹும், டார்ட்முண்ட் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. கோட்டின் கிழக்கு முனை ஹம். (போஹும் என்ற பெயரை ஜெர்மானியர்கள் உச்சரிப்பதைக் கேட்டால் நம் காதில் 'போகும்' என்றுதான் விழும். போக்குவரத்துக் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர்ப்பெயர் கிடைக்காது.) இரண்டு கோடுகளுக்கும் நடுவே தெற்கில் மலைப்பாங்கான வுப்பர்டால்.

இந்த வரிசையில் பத்து லட்சத்தைத் தாண்டிய ஒரே நகரம் கொலோன். டுசல்டார்ஃப், டார்ட்முண்ட், எஸ்ஸன் மூன்றும் ஏறக்குறைய ஆறு லட்சம், டூயிஸ்பர்க் ஐந்து லட்சம். பாரிஸ், லண்டன் மாதிரி ஒரு பெரிய ஊரும் அதைச் சுற்றிக் குட்டி ஊர்களும் என்கிற அமைப்பு இங்கே இல்லை. எல்லாமே அண்ணன் தம்பிகள். அண்ணன் யார் என்பதில்தான் தகராறு.

ஊரை விட்டு விலகிப்போன ரயில்

இந்த அமைப்பு எப்படி வந்தது? இரண்டு பாதைகள்தான் காரணம். ஒன்று பழைய வணிகப் பாதை, 'ஹெல்வெக்' என்பார்கள். இடைக்காலத்திலேயே டூயிஸ்பர்க், எஸ்ஸன், போஹும், டார்ட்முண்ட் ஊர்களைக் கோத்துக்கொண்டு கிழக்கே போனது. இன்றைய ஏ40 நெடுஞ்சாலையும் கிட்டத்தட்ட அதே தடத்தில்தான் ஓடுகிறது. இரண்டாவது ரயில்.

1847-ல் கொலோன்-மிண்டன் ரயில்வே கம்பெனி தன் பாதையை முடித்தபோது, எஸ்ஸனுக்கும் போஹும்முக்கும் உள்ளே போகவில்லை. மேடு பள்ளம் இல்லாத, செலவு குறைந்த எம்ஷர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. அந்த வழியில் மனிதர்கள் குறைவாக இருந்த ஒரு புதர்க்காட்டில் ஒரு நிலையம் கட்டினார்கள். பக்கத்தில் இருந்த மாளிகையின் பெயரை அதற்கு வைத்தார்கள்: ஓபர்ஹவுசன். பிறகு அந்த நிலையத்தைச் சுற்றித்தான் ஊரே முளைத்தது. வழக்கமாக ஊருக்கு ஸ்டேஷன் வரும், இங்கே ஸ்டேஷனுக்கு ஊர் வந்தது.

எஸ்ஸனும் போஹும்மும் சும்மா இருக்குமா? போட்டிக் கம்பெனியான பெர்கிஷ்-மார்க்கிஷ் ரயில்வே 1862-ல் அந்த ஊர்களுக்குள் ஒரு பாதை போட்டது. அப்புறம் ரைனிஷ் ரயில்வே என்ற மூன்றாவது கம்பெனி தனக்கென்று இன்னொரு பாதை. நிலக்கரி, இரும்பு என்று காசு கொட்டிய காலம். ஒரே திசையில் மூன்று கம்பெனிகள் மூன்று தண்டவாளம். ஆனால் எல்லாமே கிழக்கு மேற்காக. வடக்கு தெற்காக, அதாவது ஒரு சுரங்கத் தொழிலாளி குடியிருந்த எம்ஷர் பக்கத்திலிருந்து பணக்காரர்கள் வாழ்ந்த ரூர் பள்ளத்தாக்குப் பக்கம் போக, உருப்படியான வழி போட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

அந்தக் குறை இன்றும் தீரவில்லை. ஏ40 நெடுஞ்சாலையை அங்கே 'சமூக நிலநடுக்கோடு' என்று சொல்வார்கள். சாலைக்கு வடக்கே வருமானம் குறைவு, வேலையில்லாதவர்கள் அதிகம், வாடகை குறைவு. தெற்கே தோட்டம் வைத்த வீடுகள். வடக்கில் இருக்கும் கெல்சன்கிர்ஷன் தனிநபர் வருமானக் கணக்கில் ஜெர்மனியின் கடைசி வரிசையில் நிற்கும் ஊர். எஸ்ஸனிலிருந்து கொலோன் போகிறவருக்கு ரயிலுக்குப் பஞ்சமில்லை. கெல்சன்கிர்ஷனின் ஒரு மூலையிலிருந்து எஸ்ஸனின் தெற்கு மூலைக்கு வேலைக்குப் போகிறவர் இரண்டு தடவை மாற வேண்டும், ஒன்றைத் தவறவிட்டால் குளிரில் நிற்க வேண்டும். கார் வாங்கக் காசில்லாதவர் இருக்கிற பக்கத்தில்தான் இணைப்பும் குறைவு.

நல்ல உதாரணமும் இல்லாமல் இல்லை. ஹெர்ன நகரிலிருந்து போஹும் வழியாக ரூர் பல்கலைக்கழகம் வரை வடக்கு தெற்காக ஓடும் யு35 ரயில். 1980-களின் இறுதியில் தொடங்கியது. மாணவர்கள் கூட்டத்தில் மூச்சு முட்டுகிறது. வசதி செய்து கொடுத்தால் ஆட்கள் வரவே செய்வார்கள் என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

மீட்டர் கேஜ் சண்டை

இப்போது டிராமுக்கு வருவோம். மீட்டர் கேஜ் என்ற சொல் நம்ம ஊரில் யாருக்கும் புதிதல்ல. ரைன்-ரூரிலும் அது உயிரோடு இருக்கிறது. எஸ்ஸன், போஹும், கெல்சன்கிர்ஷன் டிராம்கள் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடுகின்றன. டூயிஸ்பர்க், டார்ட்முண்ட், டுசல்டார்ஃப், கொலோன் டிராம்கள் 1,435 மில்லிமீட்டர் அகலத்தில். நடுவில் மாட்டிக்கொண்ட ம்யூல்ஹைம் ஒன்றேமுக்கால் லட்சம் பேர் வாழும் ஊர். அங்கே இரண்டு அகலமும் உண்டு. டூயிஸ்பர்க்கிலிருந்து வரும் 901-ஆம் எண் டிராம் ஒரு அகலம், எஸ்ஸன் பக்கம் போகும் 104-ஆம் எண் இன்னொரு அகலம். கிழக்கே டார்ட்முண்ட் எல்லைக்கு வந்தாலும் இதே கதைதான். போஹும் வண்டி டார்ட்முண்ட் தண்டவாளத்தில் ஏற முடியாது.

இதைச் சரிசெய்ய 1960-களின் இறுதியில் பெரிய திட்டம் ஒன்று தீட்டினார்கள். ரூர் பகுதி முழுவதற்கும் ஒரே அகலத்தில், ஒரே மாதிரி வண்டிகளோடு, நகரங்களைத் தாண்டி ஓடும் 'ஸ்டாட்பான்' வலைப்பின்னல். காகிதத்தில் அற்புதமாக இருந்தது. மத்திய அரசும் மாநில அரசும் சுரங்கம் தோண்டப் பணம் கொடுத்தன. என்ன நடந்தது தெரியுமா? ஒவ்வொரு நகரமும் தன் ஊர் நடுவில் மட்டும் சுரங்கத்தைத் தோண்டிக்கொண்டது. தன் ஊர் எல்லையில் நிறுத்திக்கொண்டது. பக்கத்து ஊரோடு இணைக்கும் பகுதிதான் திட்டத்தின் உயிர். அதில் பெரும்பகுதியைக் கட்டவே இல்லை. எஸ்ஸனில் இன்றைக்கும் மூன்று வழித்தடங்கள் புதிய அகலம், மற்றவை பழைய அகலம். பாதி தாண்டிய கிணறு.

இதைச் சொல்லும்போது ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். டுசல்டார்ஃபையும் டூயிஸ்பர்க்கையும் இணைக்கும் யு79, கொலோனையும் பானையும் இணைக்கும் 16, 18 எண் வண்டிகள் பல பத்தாண்டுகளாக எல்லை தாண்டி ஓடுகின்றன. முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. மனசு இருந்த இடத்தில் முடிந்திருக்கிறது.

மனசு இல்லாத இடத்துக்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். ஓபர்ஹவுசன் நகரம் 1968-ல் தன் டிராமை மூடியது. 1996-ல், பழைய இரும்பாலை நிலத்தில் பெரிய வணிக வளாகம் கட்டியபோது, திரும்பக் கொண்டுவந்தது. அந்த வளாகத்துக்குப் பக்கத்து எஸ்ஸனிலிருந்து 105-ஆம் எண் டிராம் ஃப்ரின்ட்ராப் என்ற இடம் வரை வந்து நிற்கிறது. இடைவெளி சுமார் மூன்று கிலோமீட்டர். அகலமும் ஒன்றுதான், இரண்டும் மீட்டர் கேஜ். அந்த இடைவெளியை நிரப்பும் திட்டத்துக்கு மாநில மானியமும் வரவிருந்தது. 2015 மார்ச்சில் ஓபர்ஹவுசன் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெரும்பான்மையோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜெர்மனியிலேயே கடன் சுமை மிக அதிகமான நகரங்களில் ஒன்று ஓபர்ஹவுசன். நூலகத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் காசில்லை என்று வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள், தங்கள் பங்குக்குச் சில கோடி யூரோ கொடுத்துப் பக்கத்து ஊருக்குத் தண்டவாளம் போடுவானேன் என்று நினைத்தால் அது புரிந்துகொள்ளக் கூடியதுதான். தவறு கேள்வியில் இருக்கிறது. இரண்டு ஊர்களை இணைக்கும் பாதையை முடிவு செய்யும் உரிமை ஒரே ஒரு ஊரிடம், அதுவும் கையில் காசில்லாத ஊரிடம், இருக்கிறது. எஸ்ஸன் பக்கத்தில் வசிப்பவரை யாரும் கேட்கவில்லை.

யாரிடம் போய்ச் சொல்வது?

ரூர் பகுதியின் நிர்வாக அமைப்பைப் பார்த்தால் தலை சுற்றும். மாநிலம் ஒன்றுதான், நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா. போருக்குப் பிறகு 1946-ல் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் ரைன்லாந்தின் வடபகுதியையும் வெஸ்ட்ஃபாலியாவையும் சேர்த்து வைத்தது. ஆனால் மாநிலத்துக்குக் கீழே இருக்கும் மண்டல நிர்வாகத்தில் எஸ்ஸன் டுசல்டார்ஃபுக்குக் கீழே வரும். ஒட்டியிருக்கும் கெல்சன்கிர்ஷன் ம்யூன்ஸ்டருக்குக் கீழே. அதை ஒட்டியிருக்கும் போஹும், டார்ட்முண்ட் இரண்டும் ஆர்ன்ஸ்பர்க் என்ற சிறிய மலையூருக்குக் கீழே. ஆறு லட்சம் பேர் வாழும் டார்ட்முண்டின் கோப்புகள், அதைவிடப் பல மடங்கு சின்ன ஊருக்குக் கையெழுத்துக்குப் போகின்றன. பிரஷ்ய அரசர் காலத்தில் போட்ட கோடு, அப்படியே நிற்கிறது.

ரூர் பகுதிக்கென்று ஒரு மண்டலச் சங்கமும் உண்டு. 1920-ல் தொடங்கியது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே பசுமைப் பட்டைகளைக் காப்பாற்றியது அதன் பெரிய சாதனை. 53 ஊர்கள் அதில் உறுப்பினர்கள். 2020-ல்தான் அதன் பேரவைக்கு மக்கள் முதல்முறையாக நேரடியாக வாக்களித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் டிராமும் பேருந்தும் அதன் கையில் இல்லை. அவை பத்துக்கும் மேற்பட்ட நகராட்சிக் கம்பெனிகளிடம் இருக்கின்றன. எஸ்ஸனும் ம்யூல்ஹைமும் மட்டும் 2017-ல் தங்கள் கம்பெனிகளை 'ரூர்பான்' என்று ஒன்றாக்கின. மற்றவர்கள் அவரவர் கடையை அவரவர் நடத்துகிறார்கள்.

கட்டணம் மட்டும் 1980-லேயே ஒன்றானது. அந்த ஆண்டு ஜனவரி 1-ல் வி.ஆர்.ஆர். என்ற கட்டணக் கூட்டமைப்பு வந்தது. டுசல்டார்ஃபிலிருந்து டார்ட்முண்ட் வரை ஒரே சீட்டில் எந்த வண்டியிலும் ஏறலாம். அந்தக் காலத்தில் அது பெரிய புரட்சி. ஆனால் கொலோன் தனக்கென்று வி.ஆர்.எஸ். என்று 1987-ல் வேறொரு கூட்டமைப்பைத் தொடங்கிக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே போகிறவர்களுக்குத் தனி விதி, தனி விலை. 40 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே சீட்டு வாங்கத் தனியாகப் படிக்க வேண்டியிருந்தது. இந்தத் தொல்லையை 49 யூரோ சீட்டு ஒரே நாளில் ஒழித்தது என்பது உண்மை. அதற்கு அந்தச் சீட்டைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் கையில் சீட்டு இருந்து, ஏற வண்டி வராவிட்டால்?

நாலு இடத்தில் உடைந்தால் எல்லாம் உடையும்

2014-ல் லெவர்குசனில் ரைன் மீது இருந்த ஏ1 நெடுஞ்சாலைப் பாலத்தில் லாரிகள் போகக் கூடாது என்று தடை போட்டார்கள். 1960-களில் நாளொன்றுக்குச் சுமார் 40 ஆயிரம் வண்டிகளை நினைத்துக் கட்டிய பாலம் அது. பின்னாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் போயின. இரும்பில் விரிசல். பலகை வைத்துத் தடுத்தும் லாரிக்காரர்கள் கேட்காததால் 2016-ல் தானாக விழும் தடுப்புக் கட்டையே வைக்க வேண்டி வந்தது. புதிய பாலத்தின் முதல் பாதி 2024 தொடக்கத்தில்தான் திறந்தது. பத்து வருஷம்!

அதைவிட மோசம் ஏ45. டார்ட்முண்ட், ஹாகன் பகுதிகளைத் தெற்கே ஃபிராங்ஃபர்ட்டோடு இணைக்கும் சாலை. 2021 டிசம்பர் 2-ஆம் தேதி லூடன்ஷைட் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ராமெட மேம்பாலத்தை ஒரே இரவில் மூடினார்கள். உருக்குத் தாங்கிகள் நெளிந்துவிட்டன. 2023 மே 7-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பாலத்தில் போன லாரிகள் எல்லாம் லூடன்ஷைட் ஊருக்குள் இறங்கின. வீட்டு ஜன்னலைத் திறக்க முடியாத வாழ்க்கை. சுற்றுவட்டார ஆலைகள் ஆட்களைத் தேடி, லாரிகளைத் தேடி அல்லாடின. ஒரு பாலத்துக்கு வருஷா வருஷம் செய்ய வேண்டிய செலவைத் தள்ளிப்போட்டதன் விலை இது.

ரயிலும் தப்பவில்லை. 2013 நவம்பரில் எஸ்ஸன் தலைமை நிலையத்துக்கு மேற்கே தண்டவாளத்துக்கு அடியில் பழைய சுரங்கக் குகைகள் இருப்பது தெரியவந்தது. நாட்டின் மிக நெரிசலான பாதைகளில் ஒன்றில் ரயில்கள் வாரக்கணக்கில் ஊர்ந்தன, பல திருப்பிவிடப்பட்டன. 2020 செப்டம்பரில் ம்யூல்ஹைமில் ஏ40 மீது ஒரு டேங்கர் லாரி தீப்பிடித்தது, சரியாக ரயில் பாலங்களுக்கு அடியில். ஒரே நெருப்பில் நெடுஞ்சாலையும் போச்சு, மேலே இருந்த எஸ்ஸன்-டூயிஸ்பர்க் ரயில் பாதையும் போச்சு.

சுரங்கம் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைசி நிலக்கரிச் சுரங்கம் பாட்ராப் நகரில் 2018 டிசம்பர் 21-ல் மூடப்பட்டது. தோண்டி எடுத்த வெற்றிடத்தால் சில இடங்களில் தரை 20 மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கிறது. பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் பல குடியிருப்புகள் ஏரியாகிவிடும். இந்த இறைப்புக்கு முடிவே கிடையாது. அங்கே அதற்கு 'நிரந்தரச் சுமை' என்று பெயர், அதற்கென்றே ஒரு அறக்கட்டளையும் இருக்கிறது. தரை அசைந்துகொண்டே இருந்ததால் பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் பதிக்க முடியாமல், எம்ஷர் ஆற்றையே நூறு வருஷம் திறந்த சாக்கடையாக ஓட விட்டார்கள். 1992-ல் தொடங்கி சுமார் 5.5 பில்லியன் யூரோ செலவழித்து, 2021 இறுதியில் அந்த ஆற்றில் கழிவுநீர் விழுவதை நிறுத்தினார்கள். பல நகரங்கள் சேர்ந்து, முப்பது வருஷம் ஒரு காரியத்தை விடாமல் செய்ததற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. அதைச் செய்தது தனித்தனி நகராட்சிகள் அல்ல, 1899-ல் தொடங்கிய எம்ஷர் கூட்டுறவுச் சங்கம். ஆற்றுக்கு ஊர் எல்லை தெரியாது என்பதால் ஒரே அமைப்பிடம் அதிகாரத்தையும் பணத்தையும் கொடுத்தார்கள். டிராமுக்கு மட்டும் அது ஏன் முடியாது என்பதுதான் என் கேள்வி.

நதியும் கைவிட்ட வருஷம்

சாலை, ரயில் இரண்டும் படுத்தினால் நதி இருக்கிறதே என்று தோன்றும். டூயிஸ்பர்க் உலகின் மிகப் பெரிய உள்நாட்டுத் துறைமுகம் என்று பெயர் பெற்றது. கடலிலிருந்து ராட்டர்டாம் வழியாக இரும்புத்தாதும் நிலக்கரியும் கப்பலில் வந்து இறங்குகின்றன. 2011 முதல் சீனாவின் சோங்சிங்கிலிருந்து சரக்கு ரயில்கூட இங்கே வருகிறது, சுமார் 11 ஆயிரம் கிலோமீட்டர் ஓடி. ஆனால் 2018 கோடையும் இலையுதிர் காலமும் மழை பொய்த்தன. ரைனில் தண்ணீர் இறங்கி இறங்கி, அக்டோபரில் தெற்கே காவுப் என்ற இடத்து அளவுகோல் 25 சென்டிமீட்டரைக் காட்டியது. கப்பல்கள் பாதிக்கும் குறைவான சரக்கோடு ஓடின. டூயிஸ்பர்க் எஃகு ஆலை உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது. அந்தச் சரக்கை ரயிலுக்கு மாற்றலாம் என்றால், ரயில் பாதையில் இடமில்லை.

ரயில் பாதையில் ஏன் இடமில்லை? கொலோனின் ஹோஹன்சோலர்ன் பாலத்தைப் பாருங்கள். காதலர்கள் பூட்டு மாட்டிச் சாவியை ஆற்றில் எறியும் பாலம் என்றுதான் சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியும். ஆறு தண்டவாளங்கள்; நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள். அங்கே ஒரு ரயில் பத்து நிமிஷம் நின்றால் அதன் அதிர்வு மாலைக்குள் டார்ட்முண்ட் போய்ச் சேர்ந்துவிடும். 2024-ல் ஜெர்மன் ரயில்வேயின் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிஷத்துக்குக் குறைவான தாமதத்தை 'நேரத்துக்கு' என்று கணக்கு வைத்துக்கொண்டு!

இந்த நெருக்கடிக்கு 2000-களின் தொடக்கத்தில் சொன்ன தீர்வு காந்த ரயில். டுசல்டார்ஃபிலிருந்து டார்ட்முண்ட் வரை 'மெட்ரோராபிட்'. 2006 உலகக் கோப்பைக் கால்பந்துக்குள் ஓடும் என்றார்கள். 2003-ல் கைவிட்டார்கள். நல்லதுதான். சில கிலோமீட்டருக்கு ஒரு ஊர் இருக்கும் பாதையில் காந்த ரயில் வேகம் எடுப்பதற்குள் பிரேக் போட வேண்டும். அதற்குப் பதிலாக வந்த ரைன்-ரூர் எக்ஸ்பிரஸ் திட்டம்தான் அறிவுள்ள திட்டம். கொலோனுக்கும் டார்ட்முண்டுக்கும் நடுவே கால் மணி நேரத்துக்கு ஒரு வண்டி, அதற்குக் கூடுதல் தண்டவாளம். 2018 முதல் புதிய வண்டிகள் வந்துவிட்டன. நல்ல வண்டிகள். கூடுதல் தண்டவாளம்தான் இன்னும் முழுதாக வரவில்லை. 2022 தொடக்கத்தில், நஷ்டத்தில் சிக்கிய ஒரு தனியார் இயக்க நிறுவனம் விலகி, அதன் வழித்தடங்களை அவசர அவசரமாக மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த கூத்தும் நடந்தது.

ஒரு ஒப்பீடு. 2002-ல் திறந்த அதிவேகப் பாதையில் கொலோனிலிருந்து ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வேறு மாநிலம், நடுவில் மலைகள். அதே கொலோனிலிருந்து, அதே மாநிலத்தில், அதே நகரப் பகுதிக்குள் இருக்கும் டார்ட்முண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஹம் வரை போகிற வண்டி

ஆர்.இ.1 என்ற ரயில் பெல்ஜியம் எல்லையில் இருக்கும் ஆஹனில் புறப்பட்டு கொலோன், டுசல்டார்ஃப், டூயிஸ்பர்க், எஸ்ஸன், போஹும், டார்ட்முண்ட் என்று இந்தப் பகுதி முழுவதையும் கோத்துக்கொண்டு ஹம் வரை போகிறது. ஹம் என்ற ஊர் ஐரோப்பாவில் வாழும் ஈழத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். 1980-களில் அகதிகளாக வந்தவர்கள் கட்டியெழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் அங்கே ஊன்ட்ராப் பகுதியில் இருக்கிறது. இப்போதைய கோயில் 2002-ல் எழுந்தது. கோபுரம் நிற்பது தொழிற்பேட்டைக்குள், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில். தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். தீர்த்தமாடுவது நிலக்கரிக் கப்பல்களுக்காக வெட்டிய டாட்டெல்ன்-ஹம் கால்வாயில். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் காரில்தான் வருகிறார்கள். மாதச் சீட்டு வைத்திருப்பவர் ஹம் தலைமை நிலையம் வரை சுகமாக வந்துவிடலாம். அங்கிருந்து நகரின் கிழக்கு ஓரத்துக்குப் போகும் கடைசிச் சில கிலோமீட்டரில்தான் குழந்தையும் குடமும் தூக்கிக்கொண்டு கால் வலிக்கும். கெல்சன்கிர்ஷன் தொழிலாளிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பிரச்சினை ஒன்றுதான்.

63 யூரோ அதிகமா குறைவா என்ற விவாதம் அடுத்த வருஷமும் நடக்கும். மத்திய அரசும் மாநிலங்களும் யார் எவ்வளவு போடுவது என்று மல்லுக்கட்டும். என் கணக்கில், ஒரு யூரோ மிச்சம் இருந்தால் அதைக் கட்டணத்தைக் குறைக்கப் போடுவதற்கு முன், வடக்கு தெற்குப் பேருந்து ஒன்றைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட விடுவதற்குப் போட வேண்டும். நகராட்சி எல்லையைத் தாண்டும் பாதைகளை மட்டுமாவது, முடிவெடுக்கும் உரிமையோடும் கஜானாவோடும், ரூர் மண்டலப் பேரவையிடம் கொடுக்க வேண்டும். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பேரவைதானே அது? மேயர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். 2010-ல், எஸ்ஸனும் ரூர் பகுதியும் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகராக இருந்த வருஷம், ஜூலை 18-ஆம் தேதி ஏ40-ஐ 60 கிலோமீட்டருக்கு மூடி, நடுரோட்டில் 20 ஆயிரம் மேஜைகளைப் போட்டார்கள். சுமார் முப்பது லட்சம் பேர் வந்தார்கள். டூயிஸ்பர்க்கிலிருந்து டார்ட்முண்ட் வரை ஒரே ஊராக இருந்த நாள் அது. மறுநாள் திங்கட்கிழமை, மேஜைகளை எடுத்துவிட்டு வண்டிகளை விட்டார்கள். 105-ஆம் எண் டிராம் இன்றும் ஃப்ரின்ட்ராப்பில் நின்று திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது.